மணலுக்கு வேலி போட்ட சம்பந்தி

ராஜாக்களே தூண்டில் போட்டுத் தங்கள் குழம்புக்கு மீன் பிடித்துக்கொண்ட காலத்தில், தெற்குக் கடலில் வளைத்தீவு என்று ஒரு தீவு இருந்தது. ரொம்பச் சின்னத் தீவு. கிழக்குக் கரையில் ஒருவர் தும்மினால், மேற்குக் கரையில் இருப்பவர் "நூறாயுசு" என்று வாழ்த்தலாம்.

ராஜாவின் பெயர் திரைகொண்டான். பெயர் பெரிது, அரண்மனை சிறிது. தீவின் நடுவே ஒரு மேட்டில் தூண் நட்டு ஓலை வேய்ந்த வீடு, அவ்வளவுதான். அவருக்குப் பிடித்தவை மூன்று. ஒன்று பொரித்த மீன். இரண்டு மத்தியானத் தூக்கம். மூன்று, நல்ல ருசியான வழக்கு. முதல் இரண்டும் தினமும் கிடைத்தன. மூன்றாவதுதான் கிடைப்பது அபூர்வம், ஏனென்றால் அந்தத் தீவில் சண்டையே குறைவு.

ஏன் குறைவு என்று கேளுங்கள், சொல்கிறேன். அந்தத் தீவின் மணல் ஓரிடத்தில் தங்காது. மேற்கேயிருந்து கோடைக்காற்று வீசும் மாதங்களில், அலைகள் மேற்குக் கரை மணலை வாரி, வடக்கு முனையையும் தெற்கு முனையையும் சுற்றித் தள்ளிக்கொண்டு போய்க் கிழக்குக் கரையில் பரப்பிவிடும். கிழக்கேயிருந்து கொண்டல் வீசத் தொடங்கியதும், அதே மணல் போன வழியே புறப்பட்டு மேற்குக் கரைக்குத் திரும்பிவிடும். வருஷம் தவறாமல் இதே நடைதான்.

தீவின் வழக்கமும் அந்த மணலோடு சேர்ந்தே நடந்தது. மணல் எந்தக் கரையில் இருக்கிறதோ, அந்தக் கரைதான் விருந்துக் கரை. மணல் போன கரைக்காரர்கள் தங்கள் படகுகளை அங்கேதான் கொண்டுவந்து ஏற்றுவார்கள், அங்கேதான் வலை உலர்த்துவார்கள், கல்யாணம் காட்சி எல்லாம் அங்கேதான். மணல் உள்ளவர்கள் முகம் சுளிக்காமல் இடம் கொடுக்க வேண்டும், வந்தவர்களுக்குக் கஞ்சியும் ஊற்ற வேண்டும். காலையில் ஒருவர் வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டு, மாலையில் அவரோடு எப்படிச் சண்டை போடுவது? வெட்கமாக இருக்காதா?

இப்படி இருந்த தீவில்தான் ஆழியப்பன் இருந்தார். மேற்குக் கரைத் தலைவர். நல்ல மனுஷர், கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பார், வாய்விட்டுச் சிரிப்பார். ஆனால் ரோஷம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் கூடுதல். "சாப்பிட்டாச்சா?" என்று யாராவது கேட்டால்கூட, "ஏன், என்னைப் பார்த்தா பட்டினி கிடக்கறவன் மாதிரி தெரியுதா?" என்று திருப்பிக் கேட்கிற ரோஷம்.

அவருக்கு ஒரே மகள், நித்திலம். பேச்சு வரும் முன்பே தாயை இழந்த பெண். ஆழியப்பனே அவளுக்குச் சோறு ஊட்டினார், அவரே தலை பின்னிவிட்டார். வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை. அந்தக் கோணல் வகிட்டோடேயே அவள் வளர்ந்து கல்யாணத்துக்கு நின்றாள்.

மாப்பிள்ளை, கிழக்குக் கரைத் தலைவி மங்காத்தாளின் மகன் சேந்தன். படகு கட்டுவதில் கெட்டிக்காரன், பேசுவதில் மோசம். பேசுவதற்குத்தான் அவன் அம்மா இருந்தாளே! மங்காத்தாள் வாயைத் திறந்தால் அலைச் சத்தம் கேட்காது என்பார்கள்.

பங்குனியில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்போது மங்காத்தாள் சந்தோஷமாகச் சொன்னாள், "ஆவணியில கல்யாணத்தை வச்சிடலாம் சம்பந்தி. அப்ப மணல் எங்க கரையிலதான் இருக்கும். நீங்க ஒண்ணுக்கும் சிரமப்படாதீங்க. வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தாப் போதும், மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

அன்பாகச் சொன்ன வார்த்தைதான். கூடியிருந்த எல்லாருக்கும் அப்படித்தான் கேட்டது. ஆழியப்பன் காதில் மட்டும் 'வெறுங்கை' என்ற ஒரு சொல் போய் முள்ளாக மாட்டிக்கொண்டது.

"தையில வச்சுக்கலாமே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். தை மாதம் மணல் மேற்குக் கரையில் இருக்கும்.

"தை வரைக்குமா? இந்த ரெண்டும் தாங்குமா பாருங்க!" என்று மங்காத்தாள் சிரித்தாள். நித்திலமும் சேந்தனும் அவரவர் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு மேல் அப்பாக்காரர் என்ன பேசுவார்?

வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. "என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வெறுங்கையை வீசிக்கிட்டுப் போறதா? பாலூட்டாத குறையா நானே வளர்த்த பொண்ணு. என் கரையில, என் மணல்ல, என் கையால பந்தி போட்டு அனுப்பி வைக்க வேண்டாமா?" என்று பொருமினார். பொருமிப் பொருமி, வைகாசி மாதம் ஒரு காலை, மீன் அடைப்பின் பக்கம் போய் நின்றார்.

அடைப்பு என்றால் வேறொன்றுமில்லை. ஆழமில்லாத தண்ணீரில் கழிகளை நெருக்கமாக நட்டு, நடுவே ஓலைத் தட்டி கட்டிவிடுவார்கள். கடல் பெருகும்போது உள்ளே வந்த மீன், வற்றும்போது வெளியே போக முடியாமல் நிற்கும். காலங்காலமாக அவர்கள் மீன் பிடித்த வழி அது. ஆழியப்பன் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார்.

"மீனை அடைக்கலாம்னா மணலை அடைக்க முடியாதா!"

அடுத்த நாளே வேலை தொடங்கிவிட்டது. வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் பனங்கழிகளை இரட்டை வரிசையாக இறக்கி, நடுவில் பாறாங்கல்லை நிரப்பினார். எதற்கு என்று கேட்ட ஊர்க்காரர்களிடம், "பெரிய மீனா அடைக்க" என்றார். நித்திலம் கேட்டபோது, "கல்யாணப் படகுகளைக் கட்டி வைக்கம்மா" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது வேறு. "கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பிடுங்கிப் போட்டுடலாம். ஒரு வருஷம் மணல் போகலைன்னா யார் குடி முழுகிடும்?"

பாருங்கள், மூன்று பேருக்கு மூன்று பதில். ஒன்றாவது உண்மையா?

கோடைக்காற்று வந்தது. அலை எழுந்தது. மேற்குக் கரை மணல் வழக்கம்போல மூட்டை கட்டிக்கொண்டு வடக்கு முனைக்குப் போனது, வேலியில் முட்டி நின்றது. தெற்கு முனைக்குப் போனது, அங்கேயும் நின்றது. ஆழியப்பன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கரையில் ஆடினார். விஷயம் புரிந்ததும் மேற்குக் கரைக்காரர்களும் கூடவே ஆடினார்கள். இந்த வருஷம் தங்கள் படகு தங்கள் வீட்டு வாசலிலேயே! யாருக்குக் கசக்கும்?

ஆனியில் ஒரு மீனவன் வந்து சொன்னான், "தலைவரே, கிழக்குக் கரையில இன்னும் மணல் சேரலை. அவங்களுக்குப் படகு ஏத்த இடமில்லையாம், தண்ணியிலேயே கட்டிப் போட்டிருக்காங்க."

"படகுன்னா தண்ணியிலதானே இருக்கும்?" என்றார் ஆழியப்பன்.

சில நாள் கழித்து இன்னொருவன் வந்தான். "தலைவரே, அங்கே கரையே கரையுது. ஓரத்துத் தென்னையெல்லாம் வேர் தெரிய நிக்குது. சிலது சாஞ்சும் போச்சு."

"வயசான மரமா இருக்கும்" என்றார் ஆழியப்பன். ஆனாலும் அன்று அவர் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் சிரித்தார்.

மூன்றாவதாக வந்தது செய்தி இல்லை, வேறொன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? ஊர் சுற்றியே பழகிய மணலைக் கட்டிப் போட்டால் சும்மா இருக்குமா? ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்தது. படகைத் தண்ணீருக்குத் தள்ளுவதற்குள் இளந்தாரிகளுக்கே இடுப்பு விட்டுப்போனது. ஆடிக் காற்று அடித்தபோது மணல் வீட்டுக்குள் புகுந்தது. சோற்றில் மணல், குழம்பில் மணல், கொட்டாவி விட்டால் வாய்க்குள்ளும் மணல். பெண்கள் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு தலைவர் வீட்டைப் பார்த்தே பெருக்கினார்கள். ஆழியப்பன் பல்லில் நறநறவென்று மணலை மென்றபடியே, "ருசியா இருக்கு, ருசியா இருக்கு" என்று சாப்பிட்டார். அந்த ரோஷத்தை என்ன சொல்வது!

அப்படி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் வெளியே சத்தம் கேட்டது. ஆடு கத்துகிறது, கோழி கூவுகிறது, குழந்தை அழுகிறது. இத்தனையையும் மீறி ஒரு குரல்.

"அந்த ஆட்டுக்கல்லை இங்கே இறக்குங்க! பார்த்து, பார்த்து! கோழிக்கூடு நிழல்ல இருக்கட்டும்!"

ஆழியப்பன் எச்சில் கையோடு வெளியே ஓடினார். கரை முழுக்கப் படகுகள். கிழக்குக் கரையே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பானை, பாய், வலை, ஆடு, மாமன், மச்சான், கைக்குழந்தை ஒன்று பாக்கியில்லை. சேந்தன் ஒரு புதுக் கதவு நிலையைத் தனியாகத் தலையில் சுமந்து கொண்டுவந்து மணலில் நட்டான். நடுவில் மங்காத்தாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன சம்பந்தியம்மா இது?" என்று கேட்டார் ஆழியப்பன்.

"குடிவந்திருக்கோம் சம்பந்தி."

"யார் கரையில?"

"எங்க கரையிலதான்" என்றாள் மங்காத்தாள். "எங்க கரை விருந்துக்குன்னு உங்ககிட்ட வந்துச்சு. ஆனி போச்சு, ஆடியும் வந்துடுச்சு, வீடு திரும்பலை. காத்துக் காத்துப் பார்த்தோம். கடல் உள்ளே வந்துடுச்சு. அது வராட்டி என்ன, அது இருக்கிற இடத்துக்கு நாம போயிடலாம்னு வந்துட்டோம். கஞ்சி இருக்கா?"

ஆழியப்பனுக்கு முகம் சிவந்தது. "இது என்ன அநியாயம்! வாங்க ராசாகிட்ட!" என்று கத்தினார்.

"வாங்க போகலாம். சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றாள் அவள்.

ராஜா திரைகொண்டான் அப்போதுதான் பொரித்த மீனைச் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்திருந்தார். வழக்கு என்று கேட்டதும் தூக்கம் பறந்துவிட்டது. "உக்காருங்க, உக்காருங்க. மெதுவா, ஒண்ணும் விடாமச் சொல்லுங்க" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு கரைக்காரர்களும் மேட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நித்திலமும் ஓரமாக நின்றாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராஜா முதலில் ஆழியப்பனைப் பார்த்தார். "அது சரி, எதுக்காகய்யா இந்த வேலி?"

ஆழியப்பன் நெளிந்தார். "அவங்க என்னை வெறுங்கையை வீசிக்கிட்டு வரச் சொன்னாங்க ராசா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மங்காத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. "அட தெய்வமே! தாயில்லாப் பொண்ணை ஒத்தை ஆளா வளர்த்த மனுஷன், கல்யாணத்தன்னிக்காவது சிரமப்படாம உக்காரட்டும்னுதானே சொன்னேன்!" என்றாள். ஆழியப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனால் ரோஷம் எல்லாவற்றையும்விடப் பெரியதாயிற்றே, தலையைத் திருப்பிக்கொண்டார்.

ராஜா வழக்குக்குள் இறங்கி முதல் கேள்வியைக் கேட்டார். "மேற்குக் கரையில கிடக்கிற மணல் யாருடையது?"

"என் கரையில இருக்கு, என்னுது" என்றார் ஆழியப்பன்.

மங்காத்தாள் வரும்போதே மேற்குக் கரையில் அள்ளி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த மணலை அவிழ்த்து ராஜா முன் பரப்பினாள். வெள்ளை மணலுக்குள்ளே சிவப்புச் சிவப்பாகத் துகள்கள் மின்னின. "செம்பவளப் பாறை எங்க கரைக்கு எதிர்லதான் இருக்கு ராசா. மேற்கே ஒரு துண்டு இருக்கான்னு கேளுங்க. இந்தச் சிவப்பெல்லாம் அங்கே எப்படிப் போச்சாம்? நடந்தா போச்சு?"

கூட்டம் ஆகா என்றது. ராஜாவும் ஆகா என்றார். "ஆழியப்பா, மாட்டிக்கிட்டியே!"

ஆழியப்பன் அசரவில்லை. எழுந்து கும்பிட்டார். "ஒத்துக்கறேன் ராசா. சிவப்பு அவங்களுது, வெள்ளை என்னுது. சம்பந்தியம்மா தாராளமா அவங்க சிவப்பைப் பொறுக்கி எடுத்துக்கட்டும். என் வெள்ளையில ஒண்ணைக்கூடத் தொடாம எடுத்துக்கட்டும்."

இப்போது மேற்குக் கரைக்காரர்கள் ஆகா என்றார்கள். ராஜா சந்தோஷத்தில் துள்ளினார். இப்படி ஒரு வழக்கு வந்து எத்தனை காலமாயிற்று! "இதுதான் என் ரெண்டாவது கேள்வி. மங்காத்தா, பிரிச்சு எடுக்க முடியுமா?"

"முடியும் ராசா. எங்க அப்பன் காலத்துக்கு முன்னாடியிருந்து ஒரு ஆள்தான் அதைப் பிரிச்சு, அளந்து, எங்க கரையில கொண்டாந்து போடுவாரு. கோடைக்காத்துன்னு பேரு. கூலிகூடக் கேட்க மாட்டாரு. அவரை வேலி போட்டு மறிச்சா நான் என்ன பண்றது?"

ராஜா மூக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

"ஆழியப்பா, மணல் இருக்கிற கரைக்காரன் மத்தவங்களுக்கு என்ன செய்யணும்? நம்ம வழக்கம் என்ன?"

"இடம் கொடுக்கணும் ராசா. கஞ்சி ஊத்தணும்."

"அப்போ இதுதான் தீர்ப்பு. மணல் உன்கிட்ட இருக்கிற வரைக்கும் அது உன்னுது. அது உன்னுதா இருக்கிற வரைக்கும் இவங்க எல்லாரும் உன் விருந்தாளி. வேலியைப் பிடுங்கறயா, விருந்து வைக்கறயா? நீயே சொல்லு."

எல்லாரும் ஆழியப்பன் வாயையே பார்த்தார்கள். வேறொருவராக இருந்தால் அங்கேயே விட்டுக்கொடுத்திருப்பார். நம் ஆளா விடுவார்?

"விருந்தே வைக்கறேன்!" என்றார். "கல்யாணம் முடியற வரைக்கும் எல்லாருக்கும் வைக்கறேன்!"

வழக்கில் ஜெயித்துவிட்ட நினைப்பு அவருக்கு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார். ராஜா பெருமூச்சு விட்டுப் பாயில் சாய்ந்தார்.

வைத்தார் விருந்து. கிழக்குக் கரை ஆடுகள் மேற்குக் கரை வேலிக்கொடிகளை எல்லாம் மேய்ந்தன. இரண்டு ஊர்க் குடமும் ஒரே கிணற்றில் மோதின. கஞ்சிப் பானை அடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. ஆழியப்பன் வியர்க்க விறுவிறுக்க ஓடி ஓடிப் பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போனது. மங்காத்தாள் மட்டும் ஒவ்வொரு வேளையும், "கை மணக்குது சம்பந்தி" என்று பாராட்டிவிட்டு இரண்டாவது அகப்பை வாங்கிக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் பந்தி முடிந்து அவர் அக்கடா என்று உட்கார்ந்தபோது, நித்திலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கு நடந்த நாளிலிருந்து அவள் அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை. கோபித்துக் கத்தியிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். அவள் சும்மா இருந்ததுதான் அவரைத் தின்றது.

"அப்பா, ஒண்ணு கேட்கணும்."

"கேளும்மா, கேளு." அவள் பேசினாளே என்ற சந்தோஷம் அவருக்கு.

"கல்யாணம் முடிஞ்சதும் நான் எங்கே போகணும்?"

"இதென்ன கேள்வி? உன் புருஷன் வீட்டுக்கு."

"அது எங்கேப்பா இருக்கு?"

ஆழியப்பன் பதில் சொல்ல வாயெடுத்தார். கிழக்கே கையைக் காட்டப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். எதிரே மணலில், சேந்தன் நட்ட கதவு நிலை தனியாக நின்றது. அதற்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஒரு கிழக்குக் கரை ஆடு அதன் வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தது.

"அந்த நிலை யாருக்குன்னு கேட்டீங்களாப்பா?" என்றாள் நித்திலம். "எனக்குன்னு அவர் தனியா ஒரு அறை கட்டினார். அதுல மிச்சம் இதுதான்."

சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆழியப்பன் யாரிடமும் சொல்லாமல் கிழக்குக் கரைக்கு நடந்தார். அத்தனை நாளில் அவர் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. போனால் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் போகவில்லை.

கரை என்று அங்கே ஒன்று இல்லை. தென்னைகள் தலைகுப்புறத் தண்ணீரில் கிடந்தன. வீடுகள் இருந்த இடத்தில் அலை வந்து வந்து போனது. மங்காத்தாள் வீட்டுக் கிணற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தார். உப்பு. துப்பினார். புது அறை கட்டியிருந்த இடத்தை அடையாளம் கண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். அங்கே புதிதாகப் பூசிய ஓர் அடுப்பு, ஒருநாள்கூடச் சோறு பொங்காத அடுப்பு, பாதி கரைந்து தண்ணீருக்குள் கிடந்தது. குட்டி மீன்கள் அதற்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன.

ஆழியப்பனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "ஐயோ, என் பொண்ணு அடுப்புல நானே தண்ணி ஊத்திட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "பெத்தவன் செய்யற வேலையா இது! பாவி, எவ்வளவு சந்தோஷமா ஆடினேன்!" கேட்க ஆளில்லாத கரையில் வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் முகத்தைக் கடல்நீரிலேயே கழுவிக்கொண்டு திரும்பினார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே வடக்கு முனைக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் கழியைக் கட்டிப்பிடித்து ஆட்டினார். அது வரவில்லை. உறுதியாகத்தானே நட்டிருந்தார்! தோளைக் கொடுத்து முட்டி, முட்டி, ஒருவழியாகப் பிடுங்கிவிட்டார்.

மேற்குக் கரைக்காரர்கள் ஓடிவந்தார்கள். "தலைவரே, என்ன பண்றீங்க? வழக்குல நாமதானே ஜெயிச்சோம்? மணல் போனா கல்யாணம் அந்தக் கரைக்குப் போயிடுமே!"

"போகட்டும்" என்றார் ஆழியப்பன். மூச்சு வாங்கியது. "ஜெயிச்சவன் பொண்ணுக்குப் போக ஒரு வீடு இல்லடா."

பிறகு ஒருவன் தண்ணீரில் இறங்கினான், அப்புறம் இன்னொருவன். பக்கத்தில் யாரோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கழியைப் பிடிப்பது தெரிந்து ஆழியப்பன் திரும்பினார். மங்காத்தாள்! அத்தனை பேசுகிறவள், அன்றைக்கு "இழுங்க சம்பந்தி" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

வடக்கு வேலி போயிற்று. தெற்கு வேலியும் போயிற்று. கல்லையெல்லாம் உருட்டித் தள்ளினார்கள். ஆடிக் காற்று இன்னும் மிச்சமிருந்தது. அடைபட்டுக் கிடந்த மணல் முனையைச் சுற்றிப் பாய்ந்து ஓடியதே ஓட்டம், குழந்தைகள் கூடவே கரையோரம் ஓடி வழியனுப்பினார்கள்.

முழுசாகப் போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆவணிக்குள் கிழக்குக் கரையில் பாதிக் கரைதான் திரும்பியது. விழுந்த தென்னை விழுந்ததுதான். கிணறு இனிக்க அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பாதிக் கரையிலும் படகு ஏறும், பாதிக் கரையிலும் வீடு நிற்கும். இரண்டு ஊரும் சேர்ந்து வீடுகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டின. சேந்தன் வீட்டுக்கு ஆழியப்பனே மண் குழைத்தார். புது அடுப்பை வேறு யாரையும் பூச விடவில்லை, தன் கையாலேயே பூசினார்.

ஆவணியில் கல்யாணம் கிழக்குக் கரையில் நடந்தது. ராஜா திரைகொண்டான் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து, மூன்று பந்தியிலும் உட்கார்ந்தார். மங்காத்தாள் ஆழியப்பனுக்கு முதல் இலை போட்டாள். நடந்ததைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவள் ஊரிலும் யாரும் குத்திக் காட்டவில்லை. அவர்கள் சண்டை போட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். இலையில் குனிந்தபடி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். "குழம்புல காரம் ஜாஸ்தி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டார்.

பந்தி முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு போனார்கள். நித்திலம் வாசலில் நின்று, ஒரு தடவை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். தரை உறுதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பால் காய்ச்ச அடுப்பு மூட்டினார்கள், பச்சை ஓலைக் கூரை வழியாகப் புகை மேலே வந்தது. ஆழியப்பன் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே, தன் ஊர்ப் படகுகளோடு படகாக அந்த மணலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு ரோஷமே வரவில்லை.

ஆகவே கேட்டவர்களே, எல்லாருக்கும் முறை வைத்து வருகிற ஒன்றைத் தனக்கு மட்டும் என்று மறித்து வைப்பவன், தன் பிள்ளை குடிபோகப்போகும் வீட்டைத்தான் இடிக்கிறான்.